பள்ளிக்கூடத்துச் சரிவில் மிளகு

பாதி காய்ந்த மிளகுக்கு ஒரு வாசனை உண்டு. காரமும் பச்சையும் கலந்து வந்து மூக்குக்குள் உட்கார்ந்துகொள்ளும். சேர்வராயன் மலையில் பிறந்தவர்களுக்கு அது தை மாசத்து வாசனை. எனக்கு மட்டும் இன்றைக்கும் அது எரிச்சலைத்தான் கிளப்புகிறது. ஏனென்று சொல்லிவிடுகிறேன்.

குழந்தையிலேயே எனக்கு இரண்டு காலும் வராமல் போயிற்று. வாழவந்திக்கு மேலே இருந்த எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம், மழைத்தண்ணீர் உள்ளே வரக்கூடாதென்று இடுப்பளவு மேடையில், செங்குத்தான கல் படிகளோடு கட்டியது. அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு போய் வகுப்பில் உட்கார வைப்பார். அவர் காட்டு வேலைக்குப் போய்விட்டால் வழியில் அகப்படுகிற யாராவது தூக்குவார்கள். எல்லாரும் அன்பாகத்தான் தூக்கினார்கள், அதனாலேயே வாய் திறந்து எதுவும் சொல்ல முடியாது. ஒருவரிடம் பீடி நாற்றம், இன்னொருவர் அக்குளில் கை கொடுத்தால் கூசும், இறக்கிவிடும்போது பாவாடை சுருண்டுகொள்ளும். வெளியே தூக்கிப் போகச் சொல்லிக் கேட்க வேண்டுமே என்று சாயங்காலம் வரை தண்ணீர் குடிக்காமலேயே இருப்பேன். ஆறாம் வகுப்புக்கு வந்ததும் அம்மா வேறு, "பெரியவளாயிட்டா ஆரு தூக்குவாங்க? படிச்சது போதுமுங்க" என்று அப்பாவை நச்சரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

அந்த வருஷம்தான் எனக்குச் சக்கர நாற்காலி வந்தது. 'பெரிய டீச்சர்' என்று நாங்கள் சொல்லும் தலைமையாசிரியை யார் யாரையோ பார்த்து, கெஞ்சி, படிகளுக்குப் பக்கத்தில் சிமெண்டுச் சரிவு ஒன்றைப் போட வைத்தார். முதல் நாள் நானே சக்கரத்தைத் தள்ளி, மூச்சு வாங்க மேலேறி வகுப்புக்குள் போனேன். யாரும் என்னைத் தொடவில்லை. அடேயப்பா, அந்தச் சந்தோஷத்தை எழுத எனக்கு இன்னும் வரவில்லை. அம்மாவும் அதோடு வாயை மூடிக்கொண்டாள்.

ஆனால் எங்கள் மலையில், வெயில் படுகிற சிமெண்டுத் தரை யாருடையதாக இருந்தாலும் அது களம்தான். பனியும் ஈரமும் விடாத ஊரில், காப்பிக்கும் மிளகுக்கும் ஆளாளுக்குக் காயப்போட இடம் தேடுகிற காலத்தில், கிழக்கே பார்த்து வழவழவென்று ஒரு சரிவு கிடந்தால் விடுவார்களா? தூறல் விழுந்தாலும் தண்ணீர் தானாக வடிந்துவிடும் என்ற சிலாகிப்பு வேறு. தை பிறந்ததுமே அதற்கு 'டீச்சர் களம்' என்று பேர் வைத்தாயிற்று. யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. இந்தப் பிள்ளையைத்தான் தூக்கிக்கொள்ளலாமே, அவ்வளவுதான் அவர்கள் கணக்கு.

ஒரு திங்கட்கிழமை காலையில் தோழிகள் என்னைக் கேட் வரை தள்ளிக்கொண்டு வந்துவிட்டு ஓடிப் போனார்கள். பார்த்தால், சரிவு முழுக்க மிளகு. அதுவும் எங்கள் ஊட்டு மிளகு. அப்பா விடியலிலேயே கொண்டுவந்து பரப்பியிருந்தார். ஏறிப் பார்த்தேன், சக்கரம் மிளகின் மேல் உருண்டு என்னைக் கீழேயே கொண்டுவந்து விட்டது. பெரிய டீச்சர் வந்து, ரெண்டு நாளில் காய்ந்துவிடும் கண்ணு என்று சமாதானம் சொல்லிக் கையை நீட்டினார். மாட்டேன் என்று சக்கரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். உள்ளே வருகைப் பதிவு எடுத்தபோது என் பேர் கேட்டது. கீழே வெயிலில் உட்கார்ந்தபடியே "உள்ளேன் டீச்சர்" என்று கத்தினேன். வகுப்பே சிரித்தது.

பொழுது ஏறியதும் மிளகைப் புரட்டிவிட அப்பா வந்தார். என்னைப் பார்த்ததும் பதறிப்போய்த் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"வா சாமி, நான் தூக்கிக்கறேன்."

"தூக்காதீங்கப்பா. மொளகை அள்ளுங்க."

"நம்ம மொளகுதான் கண்ணு."

"நம்ம மொளகுங்கறதாலதான் சொல்றேன்."

அப்பா நிமிர்ந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் இறுக்கிக் கட்டினார். அடிப்பாரோ என்றுகூட நினைத்தேன். பிறகு உட்கார்ந்து இரண்டு கையாலும் வாரிச் சாக்கில் போட்டார், பள்ளிக்கூடத்து விளக்குமாற்றை வாங்கிச் சரிவைச் சுத்தமாகப் பெருக்கினார். அந்த ஈர மிளகில் பாதி பூசணம் பிடித்துப்போய், அம்மாவிடம் நாங்கள் இருவரும் வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் பெற்ற அப்பனே தன் மிளகை அள்ளிக்கொண்டு போன இடத்தில் அதற்குப் பிறகு எவர் கொண்டுவந்து பரப்புவார்? நான் எட்டாவது வரை அங்கேதான் படித்தேன்.

இப்போது பள்ளிக்கூடங்களுக்கு வரைபடம் போடுவதுதான் என் வேலை. மலை ஊர் என்றால் வெயில் விழுகிற பக்கம் தனியாக ஒரு களம் ஒதுக்காமல் விடமாட்டேன். பள்ளிக்கூடத்தில் களம் எதற்கு என்று சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

போன மாசம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கே போக வேண்டி வந்தது. அந்தப் பழைய கட்டடம் இல்லை, சரிவு இருந்த சுவடும் இல்லை, அப்பாவும் இல்லை. மாடி வைத்த புதுக் கட்டடம். கீழ்த்தளத்துக்குக் குறைசொல்ல முடியாத சாய்வுப் பாதை. ஆனால் கட்டப்போகும் வகுப்பறைகளைப் பற்றி என்னோடு பேசுவதற்கான கூட்டத்தை மாடியில் வைத்திருந்தார்கள்! தலைமையாசிரியர் நொம்ப மரியாதையாகத்தான் சொன்னார்: "ஏனுங்க மேடம், கவலையே படாதீங்க, நாலு பேரு சேரோட தூக்கிக்குவாங்க."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. முற்றத்து சில்வர் ஓக் நிழலில் நாற்காலியை நிறுத்தி பிரேக்கைப் போட்டேன். மேலே கொஞ்ச நேரம் கசமுசவென்று பேச்சு கேட்டது. அப்புறம் மேசையையும் நாற்காலிகளையும் அவர்களே தூக்கிக்கொண்டு, பார்த்துப் பார்த்துப் படியிறங்கி வந்தார்கள்.