வள்ளியின் பால் நிறம்

போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டில் ஒரு சண்டை மூளப் பார்த்தது.

பஸ் கண்டக்டர் ஏகாம்பரத்தின் அக்கா, பேத்தியை இடுப்பில் தூக்கிக்கொண்டு பெருநகர் கிராமத்திலிருந்து வந்திருந்தார். தம்பி மகள் வள்ளியை ஒரு வருஷம் கழித்துப் பார்க்கிறார். வந்ததும் வராததுமாக ஏகாம்பரத்தின் மனைவி சரோஜாவைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா சரோஜா, பால் மாதிரி இருந்த கொழந்த... இப்பிடி கறுத்துப் போய் கீது? வெயில்ல வுட்டுட்டியா?"

சரோஜாவின் பதில் இருக்கட்டும். முதலில் அந்தப் பால் நிறத்தின் கதை.

ஏகாம்பரமும் கறுப்பு, சரோஜாவும் கறுப்பு. (பத்திரிகையின் இந்தப் பக்கத்தில் என் படத்தை ஏன் போடுவதில்லை தெரியுமா? மை அதிகம் செலவாகுமாம்.) வள்ளியும் பிறந்தபோது எங்கள் கட்சிதான். ஆனால் ஒன்றரை வயது நெருங்க நெருங்க வெளுத்துக்கொண்டே வந்தாள். சரோஜாவுக்குத் தலைகால் புரியவில்லை.

"கலர் ஏறிக்கினே போவுதுண்ணா. எல்லாம் நம்ம எருமப் பால்தான்" என்பாள்.

பெண் குழந்தை வெளுத்தால் யாராவது டாக்டரிடம் காட்டுவார்களா? திருஷ்டி சுற்றிப் போடுவார்கள்.

விடிந்தால் பால், பொழுது சாய்ந்தால் பால். சோற்றை ஊட்டினால் துப்பிவிடுவாள். ஓடியாட வேண்டிய வயதில் சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்து, மண்ணைச் சுரண்டித் தின்பாள். தெருவில் யார் தும்மினாலும் அடுத்த ஜுரம் அவளுக்குத்தான்.

கடைசியில் ஏகாம்பரம் உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனான். லேடி டாக்டர் வள்ளியின் கீழ் இமையை இறக்கிப் பார்த்தார். ரத்தத்தில் இரும்புச் சத்து இல்லை. அதனால்தான் இந்த வெளுப்பு, நோயை எதிர்க்கவும் தெம்பில்லை என்றார். பாலைக் குறைத்துவிட்டுக் கேழ்வரகுக் கூழ், முருங்கைக்கீரை, ஆட்டு ஈரல் கொடுக்கச் சொன்னார். கொண்டுபோன பாட்டிலில் இரும்புச் சத்து மிக்ஸ்சரும் ஊற்றித் தந்தார்கள்.

சில நாளில் பாட்டில் பரணுக்குப் போய்விட்டது.

"மருந்து குட்ச்சதுலருந்து கொழந்த கறுப்பா வெளிக்கி போவுதுண்ணா" என்று சரோஜா என்னிடம் ரகசியமாகச் சொன்னாள். "உள்ள கறுத்துப்போச்சு... வெளிய கறுக்க எம்மா நேரம் ஆவும்?"

எனக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன. என்ன சொல்லியும் கேட்கவில்லை.

அடுத்த மழையில் வள்ளிக்கு மார்ச்சளி. மூச்சு இழுத்தது. ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன் – குழந்தை பிழைக்குமா என்பதே சந்தேகம்தான். ஒரு வாரம் போராடிக் காப்பாற்றினார்கள்.

பாட்டில் பரணுக்குப் போன கதையைக் கேட்டும் டாக்டர் திட்டவில்லை. மருந்தால் கறுப்பாகப் போவது சகஜம், பயப்படாதே என்றார். பிறகு சரோஜாவின் உள்ளங்கையைப் பிரித்து, பக்கத்தில் வள்ளியின் உள்ளங்கையை வைத்தார். தாயின் கை சிவந்திருந்தது. குழந்தையின் கை... சுண்ணாம்பு.

"எது நல்ல கலர்? நீயே சொல்லும்மா."

சரோஜா அங்கேயே அழுதுவிட்டாள். வீட்டுக்கு வந்த கையோடு பரணில் ஏறிப் பாட்டிலை இறக்கினாள்.

முதலில் மண் தின்பது நின்றது. பிறகு சோறு கேட்டாள். ஜுரம் வருவது குறைந்தது. இப்போது எங்கள் வீட்டுக் கோழிகளுக்குத்தான் அவளால் நிம்மதி இல்லை. நிறம்? பழைய கட்சிக்கே திரும்பிவிட்டாள். எனக்கு இதைவிடச் சந்தோஷமான கட்சி மாறல் தெரியாது.

சரி, நாத்தனாருக்குச் சரோஜா என்ன சொன்னாள்? சண்டை போடவில்லை. கோழியைத் துரத்திக்கொண்டிருந்த வள்ளியை இழுத்து, உள்ளங்கையை விரித்துக் காட்டினாள்.

"மூஞ்சியப் பாக்காதீங்க அண்ணி. இங்க பாருங்க."

பார்த்தார். அப்புறம், யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, தன் இடுப்பிலிருந்த வெள்ளைப் பேத்தியின் கையை மெல்லப் பிரித்துப் பார்த்தார்.