அப்பா கட்டிய இரண்டு வேஷங்கள்

எங்கள் ஊர் பாஸ்கா நாடகத்தில் அப்பாதான் யூதாஸ். ஒவ்வொரு பெரிய வெள்ளியும் சாயங்காலம் கோயில் முன்னால் மணலில் மேடை போட்டு இயேசுவின் பாடுகளை நடிப்பார்கள். பேதுருவாக நடிக்க அடிபிடி நடக்கும். யூதாசுக்கு மட்டும் ஆள் கிடைக்காது. அந்த வேஷம் கட்டினவன் வலையில் அந்த வருடம் மீன் படாது என்று கடற்கரையில் ஒரு பேச்சு. எல்லோரும் வலையை நம்பிப் பிழைக்கிறவர்கள், யார் வருவார்? அப்பாவும் அப்படிப் பிழைக்கிறவர்தான். ஆனால் பங்குச் சாமியார் கேட்டால் அவருக்கு மாட்டேன் என்று சொல்ல வராது.

நாடகம் முடிந்த பிறகும் எனக்கு அது முடிந்தபாடில்லை. பள்ளிக்கூடத்தில், மறைக்கல்வி வகுப்பில், குழாயடியில் எல்லாம் "ஏட்டி, யூதாசுக்க மவளே" என்றுதான் கூப்பிடுவார்கள். மூன்றாம் வகுப்பில் ஒருத்தியின் பென்சில் காணாமல் போனது. எல்லோரும் என் பையைத்தான் பார்த்தார்கள். அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் கிடந்து அழுதேன்.

அப்பா வலையை ஒதுக்கிவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "கரையாத மக்கா. இந்த வருசம் அப்பன் யோவான் வேசம் கெட்டுதேன். வெள்ள உடுப்பு. சத்தியமா."

யோவான் என்றால் கடைசியில் சிலுவைக்கடியில் மாதாவோடு நிற்கிற சீடர். ஒரு வசனமும் கிடையாது. வாயே திறக்காத வேஷம் எதற்கு என்று தோன்றினாலும், வெள்ளை உடுப்பு என்றதும் என் அழுகை நின்றுவிட்டது.

யூதாஸ் வேஷத்துக்கு மாமா முன்வந்தார். அம்மாவின் தம்பி, துபாயிலிருந்து லீவுக்கு வந்திருந்தவர். "எனக்கென்ன, வலையா இருக்கு மீனு படாம போவதுக்கு? நான் கெட்டுதேன் அத்தான்" என்று நெஞ்சைத் தட்டினார். தாடிகூட வளர்த்தார்.

பெரிய வெள்ளியன்று மதியம் அவருடைய மாமியார் ஒரு வார்த்தை சொன்னார். மீன் போகட்டும், விசா தட்டிப்போனால்? மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டார்.

அம்மா கதவைத் தட்டித் தட்டிக் கத்தினாள். "ஏலே, இன்னைக்கு ஒருசந்தி. ஒண்ணும் திங்காத வயித்துக்கு என்னலே வலி?"

"பசிச்ச வலிதாங்க்கா" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

அப்பா வெள்ளை உடுப்பு போட்டு, தலை வாரி, எங்கள் வாசலில் நின்றார். மேடையிலிருந்து மைக்கில் யூதாசைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். அப்பா என்னைப் பார்த்தார்.

"வாக்கு சொன்னேல்லா அப்பா" என்றேன்.

"சொன்னேன் மக்கா. நாடகம் நடக்கும்னு சாமியார்ட்டயும் சொல்லியிருக்கேன்."

பரணிலிருந்து கறுப்பு அங்கியையும் சோடா மூடிகள் போட்ட துணிப்பையையும் எடுத்தார். அந்த மூடிகள்தான் யூதாசின் வெள்ளிக்காசு. வெள்ளை உடுப்பைக் கழற்றாமல் அதன் மேலேயே அங்கியை மாட்டிக்கொண்டு ஓடினார். அவசரம் என்று நினைத்தேன்.

முகத்தில் கரியைப் பூசிக்கொண்டு அவர் மேடையேறியதும் கூட்டம் ஊளையிட்டது. யாரோ மணலை வாரி எறிந்தார்கள். அப்பா முத்தமிட்டுக் காட்டிக்கொடுத்தார், காசை வீசினார், தூக்குப் போட்டுக்கொள்ள ஓடினார். நான் அம்மாவின் சேலைக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன். என்னை ஏமாற்றிவிட்டார், அவ்வளவுதான்.

கடைசியில் சிலுவையை நட்டார்கள். திடீரென்று கூட்டம் சிரித்தது. பெரிய வெள்ளியில், இயேசு சாகிற நேரத்தில் சிரிப்பு!

"எலே, செத்த யூதாஸ் சிலுவைக்கடியில நிக்கான் பாரு!"

நிமிர்ந்து பார்த்தேன். வெள்ளை உடுப்பில் அப்பா. கழுவ நேரமில்லாமல் கரியெல்லாம் வியர்வையில் வழிந்து கழுத்தில் இறங்கியிருந்தது. சிரிப்பு அவர் காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை. கூட்டத்துக்குள் கண்ணால் யாரையோ தேடிக்கொண்டிருந்தார். எனக்கு மானம் போனது. மறுபடியும் சேலைக்குள் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ வருடங்கள் ஓடிவிட்டன. போன மழைக்காலத்தில் அப்பா நெஞ்சுவலியில் போய்விட்டார். அவர் கடைசியாகப் போட்டிருந்த சட்டையைத் துவைக்க எனக்கு இன்னும் மனது வரவில்லை.

போன வாரம் மாமா வந்தார். துபாய் வேலையெல்லாம் முடிந்து இப்போது அவரும் வள்ளத்தில் போகிறவர், வலை உள்ளவர். வந்ததும் வராததுமாக, "அத்தானுக்க சோடா மூடிப் பை கெடக்கா மக்கா? இந்த வருசம் நான் கெட்டுதேன்" என்றார்.

"வயித்துவலி வராதாலே?" என்றாள் அம்மா. அப்பா போன பிறகு அவள் செய்த முதல் கேலி.

"வரும்க்கா. வந்தாலும் நான் வருவேன்."

பரணில் ஏறித் தேடினேன். பைக்குக் கீழே அந்த வெள்ளை உடுப்பும் இருந்தது. கழுத்தில் கரி இன்னும் போகவில்லை. அதை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அன்று அவர் தேடியது என்னைத்தான். "இதோ பார், வந்துவிட்டேன்" என்று கூப்பிட்டுச் சொல்லியிருந்தால் மறுபடி நிமிர்ந்திருப்பேன். யோவானுக்குத்தான் வசனம் கிடையாதே.