தண்ணீர் ஊற்றி வளர்த்த கூரை

சாக்கை வாளியில் அமுக்கி எடுக்கிறார், பிழிவதில்லை. சொட்டச் சொட்ட அதைப் புது வாசற்படியின்மேல் விரித்து, தூங்கும் குழந்தைக்குப் போர்வை செருகுவதுபோல் ஓரங்களை உள்ளே செருகுகிறார். படி அவருடையதல்ல, எதிர்வீட்டுக்காரருடையது. அவர்கள் கூப்பிடவும் இல்லை. "பிள்ளைக்குப் பாலும் காங்கிரீட்டுக்குத் தண்ணியும் அழுத பிறகு குடுக்கக் கூடாது" என்பார். கேட்பவர் சிரித்தால் தானும் சிரிப்பார். கை மட்டும் நிற்காது.

புதுக் காங்கிரீட் இறுகும்போது சூடேறும். காய்ச்சல்காரர் நெற்றியைப்போல் அதற்கும் ஈரத்துணி மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வெயிலில் விட்டால் வெடித்துவிடும். கட்டட வேலையில் அந்த ஒரு வேலையைத்தான் வாழ்நாள் முழுக்கச் செய்தார். ஊருக்கு அவர் சாக்கு அக்கா.

குடம் சுமந்த பக்கம் தோள் சரிந்திருக்கும். முழங்கால் இரண்டும் தேய்ந்தவை. வைத்தியம் பாருங்கள் என்றால், "அதான் நடக்குதே" என்பார். அந்தக் காலோடு கடைத்தெருவுக்குப் புறப்பட்டால் நேர்வழியில் போகமாட்டார். பள்ளிக்கூடச் சுவர், தண்ணீர்த் தொட்டியின் கால், கடைசியில் நூலகம் என்று ஒவ்வொன்றையும் உள்ளங்கையால் தொட்டுவிட்டுத்தான் காய்கறி வாங்குவார். "எல்லாம் நான் தண்ணி ஊத்தி வளத்தது."

மருமகன் தையல்காரர், வாயும் கத்தரிக்கோல்தான். "ஏன் அத்தை, நான் தைச்ச சட்டையப் போட்டவனையெல்லாம் என் பிள்ளைன்னு சொல்லிக்கிட்டா திரியுறேன்?"

"நீங்க தைச்ச சட்டைக்குள்ள மழைக்கு எத்தனை பேர் ஒதுங்கலாம் மாப்ளே?"

நூலகம் அவருக்கு மூத்த பிள்ளை. அதன் முகப்புக் கூரை ஒரு தூண்கூட இல்லாமல் தெருவை நோக்கி நீண்டிருக்கும். மழை பிடித்தால் பாதிக் கடைத்தெரு அதன் அடியில் நிற்கும். அதற்குக் கம்பி கட்டியவர் அக்காவின் கணவர். கல்யாணப் பேச்சே அந்தச் சாரத்தடியில்தான் முடிவானது. "கம்பி அவருது, தண்ணி என்னுது" என்று சொல்லும்போது அக்காவின் கழுத்து தானாக நிமிரும். கணவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. வீட்டில் மாட்ட ஒரு படம்கூட எடுத்து வைக்கவில்லை. கூரை இருக்கிறது, போதும் என்று அக்கா விட்டுவிட்டார்.

போன மாதம் அந்தக் கூரையின் அடிப்பூச்சு உதிர்ந்து கம்பி வெளியே தெரிந்தது. பொறியாளராக வந்த பெண் அண்ணாந்து பார்த்து, "ஈரம் இறங்கிக் கம்பி துருப்பிடிச்சிருக்கு" என்றாள். மேலே மணல் மூட்டைகளை அடுக்கிச் சோதிப்பதென்று முடிவாயிற்று. ஒரு பகலும் இரவும் பாரம் இருக்கும். காலையில் இறக்கியதும், பாரத்தில் வளைந்த கூரை நிமிர வேண்டும். நிமிராவிட்டால் முகப்பை இடித்துவிடுவார்கள்.

இடிப்பார்கள் என்பதைவிட 'ஈரம்' என்ற சொல்தான் அக்காவைத் தைத்தது. நேரே அந்தப் பெண்ணிடம் போனார்.

"ஏம்மா, அது நான் ஊத்தின தண்ணியா?"

"இல்லம்மா. மேல மழைத்தண்ணி போற குழாய் அடைச்சுக் கிடக்கு. அங்க தேங்கி இறங்கினது. நீங்க ஊத்தினதை அது அப்பவே குடிச்சு முடிச்சிருக்கும்."

அக்கா தலையாட்டினார். நம்பவில்லை. கணவர் கட்டிய கம்பியைத் தன் தண்ணீரே தின்றுவிட்டதோ என்ற எண்ணம் நெஞ்சில் முள்ளாக நின்றுவிட்டது.

மூட்டைகள் ஏறுவதை எதிர்ப்பக்கம் நின்று பார்த்தார். "அன்னைக்கு ஈரச் சாக்கு, இன்னைக்குப் பாரச் சாக்கு" என்று பக்கத்தில் நின்றவர்களைச் சிரிக்க வைத்தார். வீட்டுக்கு வந்ததும் சிரிப்பு வற்றிவிட்டது. மாலையில் மகள் தட்டை வைத்தாள். அக்கா தள்ளி வைத்தார்.

"நீ பட்டினி கிடந்தா கூரை நிக்குமாம்மா?"

"நிக்காதுடி. எனக்கு இறங்கல."

மருமகன் அன்று கேலி பேசவில்லை. "காலையில நானும் வர்றேன் அத்தை" என்றார்.

மறுநாள் காலை மூட்டைகள் ஒவ்வொன்றாக இறங்கின. சாரத்தின்மேல் நின்று அளவுக் கருவியைப் பார்த்துக்கொண்டிருந்த பொறியாளர், இன்னொரு முறையும் பார்த்துவிட்டு, "நிமிர்ந்துடுச்சு. கம்பியத் துடைச்சுப் பூச்சு பூசினாப் போதும்" என்று கீழே குரல் கொடுத்தாள். தடுப்புக் கயிற்றை அவிழ்த்தார்கள்.

அக்கா மெதுவாகப் படியேறிக் கூரையின் அடியில் போய் நின்றார். தரையில் சிந்திக் கிடந்த மணலை முந்தானையால் தட்டி, ஒருவர் உட்காரும் அளவுக்கு இடத்தைத் துடைத்தார். பிறகு தெருவில் நின்ற மருமகனைப் பார்த்துக் கையசைத்தார்.

"ஏன் மாப்ளே வெயில்ல நிக்கிறீங்க? உள்ள வந்து உக்காருங்க."