சகாயசெல்வியின் வெஞ்சனப் பட்டியல்

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் எங்கள் கம்பெனி இருந்தது. 2008ஆம் வருஷம். நாங்கள் ஒன்பது பேர். ரூபி மொழியில் நிரல் எழுதி பெங்களூரில் ஒரு வாடிக்கையாளருக்கு அனுப்புவதுதான் பிழைப்பு. சகாயசெல்வி மாதிரி ஒரு வீம்புக்காரியை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. செம்பட்டிப் பக்கம் கத்தரிக்காய் போடுகிற குடும்பம். எம்.சி.ஏ. முடித்துவிட்டுத் தினமும் பஸ்ஸில் வந்து போவாள்.

மூலையில் இருந்த பில்டு மிஷின் அவள் பொறுப்பு. யார் நிரலை மாற்றினாலும் அது தானாக எடுத்து ஓட்டிப் பார்க்கும். சரியென்றால் பச்சை, கோளாறென்றால் சிவப்பு. ரூபியில் மற்றவர்கள் எழுதி வைத்ததை இறக்கிச் சேர்த்துக்கொள்ளலாம், அதற்கு ஜெம் என்று பேர். நாங்கள் வெஞ்சனம் என்போம், எங்கள் பக்கம் சோற்றுக்குத் தொட்டுக்கொள்கிற கறி, கூட்டுக்கு அதுதான் பேர். நாம் எழுதுவது சோறு, வெளியிலிருந்து வருவது வெஞ்சனம். இப்படிப் பேர் வைத்ததே செல்விதான்.

மேனேஜர் ஞானராஜ் சாரிடம் ஒரு கெட்ட பழக்கம். சிவப்பு விழுந்தால் நேரே அந்த மிஷினில் போய் உட்கார்ந்து, இல்லாத ஜெம்மைக் கையாலேயே இறக்கிவிடுவார். பச்சை வந்துவிடும். எதை இறக்கினார், எந்தப் பதிப்பு என்று ஒரு வரி எழுதி வைக்க மாட்டார். பெங்களூர் மிஷினில் அந்த ஜெம் இருக்காது, நிரல் அங்கே போய்ப் படுத்துக்கொள்ளும். இரண்டு முறை இப்படி ஆனது. இரண்டு முறையும் திட்டு வாங்கியவள் செல்வி. இன்னொரு தடவை நடந்தால் அவளுக்கு வேலை இருக்காது என்றும் சார் சொல்லிவிட்டார். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அவள் அழவில்லை. மறுநாளே மிஷினில் இருந்த ஜெம் அத்தனையையும் துடைத்து எறிந்தாள். வெஞ்சனம் என்று ஒரு பட்டியல் திறந்தாள். எந்த ஜெம், எந்தப் பதிப்பு என்று கொண்டுவந்தவரே தன் மேஜையிலிருந்து அதில் எழுத வேண்டும். மிஷின் ஒவ்வொரு முறையும் வெறும் வயிற்றில் தொடங்கும், பட்டியலில் உள்ளதை மட்டும் இறக்கும். நிரலோடு அந்தப் பட்டியலும் பெங்களூர் போகும், அங்கேயும் அதைப் பார்த்தே இறக்குவார்கள். கடைசியாக மிஷினின் பாஸ்வேர்டை மாற்றினாள், யாருக்கும் சொல்லவில்லை.

அடுத்த அனுப்புதல் ஒரு வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு. இரண்டரைக்குச் சிவப்பு விழுந்தது. ஞானராஜ் சார் அவள் மேஜைக்கு வந்து நின்று பாஸ்வேர்டு கேட்டார். தர மாட்டேன் என்றாள். செத்த நேரத்து வேலைக்கு இம்புட்டு வீம்பா என்று குதித்தார்.

“பாஸ்வேர்டு குடு, இல்லேன்னா பைய எடுத்துட்டுக் கெளம்பு.”

செல்வி பையைத் தோளில் மாட்டினாள். சாப்பாட்டுத் தூக்கையும் எடுத்துக்கொண்டாள்.

“எது இல்லேன்னு மிஷினே எழுதிருக்கு சார், நீங்க வாசிக்கவே இல்ல. அவங்கவங்க வீட்டு வெஞ்சனத்தக் கமுக்கமாக் கொண்டாந்து போட்டுட்டு, ஊர்ல சோறு சரியில்லன்னா என்னையத் திட்டுவீங்களா? கொண்டாந்தவுக எழுதட்டும்.”

சொல்லிவிட்டுப் படி இறங்கிப் போய்விட்டாள். நாங்கள் மற்றவர்கள் அவரவர் திரைக்குள் தலையை நுழைத்துக்கொண்டோம், நானும்தான். வெட்கக்கேடு.

வேறு வழியில்லாமல் சார் மூலை மிஷினின் திரையில் இருந்ததை வாசித்தார். அறிக்கையைப் பி.டி.எஃப். ஆக்குகிற ஜெம் இல்லை என்று இருந்தது. அந்தப் பகுதியை முந்தின நாள் எழுதியவர் அவரேதான். அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இல்லை, உண்மையைச் சொல்கிறேன். தன் மேஜைக்குப் போய்ப் பட்டியலைத் திறந்து, ஜெம்மின் பெயரையும் பதிப்பு எண்ணையும் ஒற்றை விரலால் தட்டி ஏற்றினார். மிஷின் முதலிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக இறக்கியது. மூணே முக்காலுக்குப் பச்சை. பெங்களூரிலும் முதல் தடவையிலேயே ஓடியது.

சார் எங்கள் முன்னாலேயே அவளுக்குப் போன் போட்டு, திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொன்னார். ஸ்பீக்கரில் பஸ் இரைச்சலோடு அவள் குரல் கேட்டது.

“வாரேன் சார். ஆனா பாஸ்வேர்டு தர மாட்டேன்.”