அங்கம்மாளின் பச்சைக் கன்னம்

பிள்ளையார்பாளையத்தில் அங்கம்மாளோடு சண்டை போடாத வீடு ஒன்றுகூடக் கிடையாது. அவளிடம் பட்டுநூலுக்குச் சாயம் போடாத வீடும் அநேகமாகக் கிடையாது. புருஷனின் காரியம் முடிந்த மறுநாளே பட்டறை அடுப்பைப் பற்றவைத்து, அவன் விட்டுப்போன அண்டாவில் தானே நூல்கழியை முக்கினவள் அவள். தாலியறுத்தவள் கையால் கூறைப்புடவைக்குச் சாயமா என்று தெரு முணுமுணுத்தது. ஆனால் அவள் போடுகிற அரக்குச் சிவப்பு வாலாஜாபாத் வரைக்கும் போய்த் தேடினாலும் அகப்படாது. முணுமுணுத்த ஆட்களே நூலைத் தூக்கிக்கொண்டு அவள் வாசலில் வந்து நின்றார்கள். அவளை ஒதுக்க ஒரு சாக்குக் கிடைக்காதா என்று பதினோரு வருஷம் பொறுத்திருந்தார்கள். அந்தச் சாக்கைத் தனசேகரன் வரைந்தே கொடுத்துவிட்டான்.

தனசேகரன் பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர். சென்னையில் ஓவியம் படித்துவிட்டு வந்து அவள் பட்டறைக்கு எதிர்மாடியில் குடியிருந்தான். அறுபத்தெட்டாம் வருஷம் ஆடி மாதம், நாலு நாள் காலையில் பட்டறை வாசலில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு அவளைப் பார்ப்பதும் காகிதத்தில் கிறுக்குவதுமாக இருந்தான். சாயத்தண்ணீர் கால்வாயில் ஓடுகிறதென்று நகராட்சிக்கு யாரோ மனுப் போட்டிருந்த நேரம் அது. அங்கம்மாளுக்குச் சந்தேகம் வந்தது.

“இன்னா வாத்தியாரே, எழுதிக்கினே இருக்கற?”

“எழுதலம்மா. உங்களத்தான் படமா வரையறேன்.”

“வரஞ்சிக்கோ. கால்வாயப் பத்தி எழுதனேன்னு மட்டும் தெரிஞ்சுது, அண்டாத் தண்ணி உன் தலையிலதான்.”

அவ்வளவுதான் அனுமதி. அப்புறம் அவள் அதை மறந்தே போனாள்.

தை மாதம் பள்ளிக்கூட ஆண்டுவிழா. கூடத்துச் சுவரில் மாஸ்டர் வரைந்த படங்களை ஒரு வாரக் கண்காட்சியாக மாட்டினார்கள். நடுவில் எண்ணெய் வர்ணத்தில் அங்கம்மாள், உட்கார்ந்த கோலத்தில் மடி வரைக்கும். ஊர் அதுவரை பார்த்திருந்த படமெல்லாம் காலண்டர் லட்சுமியும், ஸ்டூடியோவில் உதட்டுக்குச் சிவப்புப் பூசிக் கொடுக்கிற கல்யாணப் போட்டோவும்தான். இதில் இடது கன்னம் பச்சை, நெற்றி மஞ்சள், தாடைக்குக் கீழே ஒரு சிவப்புப் பட்டை. ஒரு கண் பெரிது, ஒரு கண் சிறிது. மூக்கைச் சுற்றி அடுப்புக்கரியால் இழுத்ததுபோல் தடித்த கோடு.

வேறு ஊராக இருந்தால் பேய் என்றோ பைத்தியக்காரத்தனம் என்றோ சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். இது நெசவாளி ஊர். இங்கே நிறம் ஒரே சீராக இல்லாமல் ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கியிருந்தால் அதற்குப் பெயர் திட்டு. சாயக்காரருக்கு அதைவிடக் கேவலம் கிடையாது. பதினாறு தறி வைத்திருந்த கலியாணசுந்தரம் படத்தின் முன்னால் நின்று, எல்லார் காதிலும் விழுகிற மாதிரிச் சொன்னார்.

“மூஞ்சியிலயே இவ்ளோ திட்டு உழுந்துக்கினு இருக்குது. நம்ம நூலுல எப்பிடிப்பா சாயம் நிக்கும்?”

கூடம் சிரித்தது. சிரித்ததோடு போயிருந்தால் பரவாயில்லை. மறுநாளே அவர் முகூர்த்தப் புடவைக்கென்று கொடுத்திருந்த நாற்பது கழியையும் சாயம் ஏறுவதற்கு முன்பே திருப்பி எடுத்துக்கொண்டார். பெரிய வீடு செய்ததைச் சின்ன வீடுகளும் செய்தன. மூன்றாம் நாள் அங்கம்மாளின் அடுப்பு எரியவில்லை. பதினோரு வருஷத்தில் அந்த அண்டா ஆறிக் கிடந்தது அன்றைக்குத்தான்.

கண்காட்சியின் கடைசி நாள் அவள் ஒரு சொம்பு வெந்நீரும் ஒரு வெள்ளைத் துணியுமாகப் பள்ளிக்கூடத்தைப் பார்த்து நடந்தாள். அதைப் பார்த்ததும் தறியிலிருந்தவர்கள் எழுந்து பின்னாலேயே போனார்கள். அதற்கு என்ன அர்த்தமென்று அங்கே எல்லாருக்கும் தெரியும். சாயம் நிற்காது என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்லிவிட்டால் சாயக்காரர் பதில் பேசுவதில்லை. வெந்நீரில் நனைத்த வெள்ளைத் துணியால் நூலை மூன்று தரம் அழுத்தித் தேய்த்துக் காட்டுவார். துணி வெள்ளையாகவே இருந்தால் சொன்னவர் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான்.

படத்தருகே தனசேகரன் குறுக்கே வந்தான். “அம்மா, படத்த நனைக்காதீங்க.”

“ஏன், போயிடுமா?”

அவன் ஒரு கணம் யோசித்தான். “போகாது,” என்று சொல்லி விலகிக்கொண்டான்.

அவள் படத்தில் இருந்த தன் கன்னத்தை மூன்று தரம் தேய்த்தாள். வஞ்சம் தீர்க்கிற தேய்ப்பு. பிறகு துணியைப் பிரித்து, கூட்டத்தோடு வந்திருந்த கலியாணசுந்தரத்தின் முகத்துக்கு நேரே நீட்டினாள். துணி வெள்ளையாகவே இருந்தது. “செரிம்மா, நூல அனுப்பறேன்,” என்றார் அவர்.

அவள் அதைக் காதில் வாங்கவில்லை. தேய்த்த இடத்திலேயே நின்று படத்தை அப்போதுதான் முதல்முதலாகப் பார்த்தாள். அந்தப் பச்சை அவளுக்குத் தெரிந்த பச்சை. காலை எட்டு மணிக்குத் தலைக்கு மேல் மூங்கிலில் ஈரக் கிளிப்பச்சைக் கழிகள் தொங்கும்போது, வெயில் அவற்றில் புகுந்து கீழே விழும் பச்சை. சுவரில் பார்த்திருக்கிறாள், புருஷன் முதுகில் பார்த்திருக்கிறாள். தன் கன்னத்திலும் விழுமென்று நினைத்ததே இல்லை. தாடைச் சிவப்பு, அண்டாவிலிருந்து மேலே அடிக்கிற அரக்கு. இவன் ஒன்றையும் கற்பனை செய்யவில்லை, பார்த்திருக்கிறான். இத்தனை வருஷத்தில் தன்னை இப்படி ஒருவரும் பார்க்கவில்லையே என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்தது. அழப் பிடிக்காததால் அது கோபமாகத் திரும்பியது.

“வாத்தியாரே, மூஞ்சி என்னுதுதான். இந்தக் கையி யாருது?”

படத்தில் மடிமேல் இருந்த கைகள் சுத்தமாக இருந்தன. ஒரு கறை இல்லை.

“கறையோட வரைஞ்சா மனசு கஷ்டப்படுவீங்கன்னு...” என்று இழுத்தான் தனசேகரன்.

“மூஞ்சிய உள்ளது உள்ளபடி போட்டுட்டு கையில பொய்யி சொல்லி வச்சிருக்கற. இந்தக் கைய நம்பி எவன் நூலு குடுப்பான்?”

மறுநாள் காலை அவன் படத்தைப் பட்டறைக்கே தூக்கி வந்தான். அவள் தன் இரண்டு கைகளையும் அவன் முன்னால் நீட்டினாள். மணிக்கட்டு வரைக்கும் அரக்கு, விரலிடுக்கில் நீலம், நகக்கண்ணில் கறுப்பு. நகத்துக்கு இன்னும் கறுப்பு ஏற்று என்று மூன்று தரம் திருத்தினாள். முடிந்ததும் படத்தை வாசலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டச் சொன்னாள்.

கலியாணசுந்தரம் நாற்பது கழியையும் தானே தூக்கிக்கொண்டு வந்தார். அங்கம்மாள் கை நீட்டவில்லை. படத்தைக் காட்டினாள்.

“திட்டு எங்க இருக்குது, காட்டு மொதலாளி. அப்புறம் நூலப் பத்திப் பேசலாம்.”

நூல் மூட்டையைத் தோளில் வைத்தபடியே அவர் படத்தின் முன்னால் நின்றார். கன்னத்தைப் பார்த்தார், தாடையைப் பார்த்தார், கைகளில் வந்து கண்ணை நிறுத்தினார். தோள் வலித்தும் மூட்டையை இறக்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

“எங்கயும் இல்லம்மா,” என்றார்.

அதற்கப்புறம்தான் அவள் கழியை வாங்கினாள்.