இடது பக்க சீட்டு

கறக்... கர்ர்ர்ர்...

காரின் அடிப்பக்கம் ஸ்பீடு பிரேக்கரில் உரசுகிற சத்தம். கூடவே லேசாக ஒரு கருகல் வாசனையும் வரும். இருபது வருஷம் ஆகப்போகிறது, இன்னும் என் காதைவிட்டுப் போகவில்லை.

அப்போது செஞ்சியில் ஸ்போர்ட்ஸ் கார் என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான். என் கூட்டாளி அந்தோணியுடையது. பாண்டிச்சேரியில் ஒரு வெள்ளைக்காரர் ஊரைக் காலி செய்தபோது விற்றுவிட்டுப் போன வண்டி. சிவப்பு நிறம், இரண்டே சீட்டு, தரையோடு தரையாகப் படுத்திருக்கும். கல்யாண வீட்டு வாசலில் அது நின்றால் மாப்பிள்ளையை யாரும் பார்க்க மாட்டார்கள்.

எனக்கு வயிறு எரிந்தது. மறைப்பானேன்... ஊரான் வண்டிக்கெல்லாம் அடியில் படுத்து உடம்பெல்லாம் கிரீஸ் பூசிக்கொள்கிறவன் நான். ஸ்பேனர் எந்தப் பக்கம் திருப்புவதென்றே தெரியாத இவனுக்கு அந்த வண்டி!

ஆனால் இடது பக்க சீட்டு என்னுடையது. அதனால் பொறுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேராக என்னிடம் வருவான். திண்டிவனம் ரோட்டில் வல்லம் வரைக்கும் ஒரு ரவுண்டு. ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கர் முன்னாலும் வண்டி நிற்கும்.

"எறங்குடா கபூரு."

இறங்குவேன். என் பாரம் குறைந்ததும் வண்டி ஒரு விரல் அளவு எழும்பும். நான் குனிந்து அடியைப் பார்த்துக்கொண்டே, "வா... வா... ரைட்ல ஒடி... வந்துடு" என்று கைகாட்டியபடி பின்பக்கமாக நடப்பேன். டீக்கடையில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். எனக்கோ ஏரோப்ளேனைத் தரையிறக்குகிற பெருமை!

அப்புறம் அந்தோணிக்குக் கல்யாணம் ஆனது. பெண் செலின், பனமலைப் பக்கம். மறுவாரமே அவளை என் சீட்டில் உட்காரவைத்து மாமியார் வீட்டுக்குக் கிளம்பினான்.

பட்டுப்புடவையோடு ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கருக்கும் இறங்கி ஏறியிருக்கிறாள் அந்தப் பெண். கடைசியில் ஏரிக்கரை மண் ரோட்டில் வண்டி அடிதட்டி நின்றுவிட்டது. மீதி தூரம் நடை.

"இனிமே இந்த வண்டில நான் ஏற மாட்டேன். பஸ்லயே போலாம்" என்று சொல்லிவிட்டாளாம்.

எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி.

மறுநாள் காலை அந்தோணி வந்து நின்றான்.

"வண்டிய ஒசத்தி குடுடா. செலின் எறங்காம போற மாதிரி."

"ஆவாதுடா. ஒசத்துனா வளைவுல கவுந்துடும்."

பச்சைப் பொய். ஸ்பிரிங்குக்கு மேலே அளவான கனத்தில் ஸ்பேசர் என்கிற இரும்பு வளையம் வைத்தால் வண்டி எழும்பி நிற்கும். கவிழவெல்லாம் கவிழாது. அவன் ஒரு வார்த்தை எதிர்த்துக் கேட்கவில்லை. "நீ சொன்னா சரிடா" என்று போய்விட்டான். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

பத்து நாள் கழித்து மறுபடி வந்தான். முகமே சரியில்லை.

"இன்னா பண்றது கபூரு... வித்துடலாம்னு இருக்குறேன்."

விற்றால் வண்டியும் போச்சு, சீட்டும் போச்சு. உயர்த்தினால் சீட்டு மட்டும்தான் போகும். வண்டியாவது கண்ணெதிரே ஓடட்டும்.

"இரு இரு... ஒரு வழி பாக்குறேன்" என்றேன்.

லேத்தில் கொடுத்து நாலு ஸ்பேசர் கடைந்து வாங்கினேன். ரெண்டு நாள் வேலை. நாலு சக்கரத்தையும் கழற்றி, ஸ்பிரிங்கை இறக்கி, ஸ்பேசர் வைத்து, அலைன்மென்ட்டும் பார்த்துக் கொடுத்தேன். கோபம் வேலையில் வந்துவிடக் கூடாதே என்று ஒவ்வொரு போல்ட்டையும் இரண்டு தடவை முறுக்கினேன்.

ஓட்டிப் பார்க்க ரெண்டு பேரும் கிளம்பினோம். முதல் ஸ்பீடு பிரேக்கர் வந்ததும் என் கை தானாகக் கதவுக்குப் போய்விட்டது. வண்டி நிற்கவில்லை. சத்தமே இல்லாமல் ஏறி இறங்கியது.

"இனிமே நீ எறங்க வேணாண்டா!" என்று என் முதுகில் ஓங்கித் தட்டினான். நானும் சிரித்தேன்.

அடுத்த ஞாயிறு அந்த வண்டி என் பட்டறையைத் தாண்டிப் போனது. உள்ளேயிருந்து செலின் கையாட்டினாள். "நல்லா ஒசத்திக் குடுத்தீங்கண்ணா!"

...

இன்றைக்கு எங்கள் ஊரில் பாதிப் பேர் வீட்டு வாசலில் ஆள் உயரத்துக்குக் கார் நிற்கிறது. ஷோரூமிலிருந்து வரும்போதே உயரம்தான். ஸ்பீடு பிரேக்கருக்காக எவனும் இறங்குவதில்லை. இறங்கினால்தானே பேச்சு வரும், சிரிப்பு வரும்...

போன மாதம் அந்தோணி பட்டறைக்கு வந்தான். தலை வழுக்கை. வண்டியின் சிவப்பும் வெளுத்துவிட்டது.

"அடி தட்டுதுடா. செலின் பழையபடி ஏற மாட்டேன்றா. வா, பாரு."

எத்தனையோ வருஷத்துக்கு அப்புறம் அந்தச் சீட்டில் உட்கார்ந்தேன். வல்லம் ரோட்டில் முதல் ஸ்பீடு பிரேக்கர்... கறக்!

ஸ்பிரிங் நாலும் தளர்ந்து உட்கார்ந்துவிட்டன.

"எறங்குடா கபூரு."

இறங்கினேன். இப்போது இருக்கிற தொப்பைக்கு வண்டி ரெண்டு விரல் எழும்பியது. "வா... வா... ரைட்ல ஒடி..."

திரும்பி வந்ததும் கேட்டான். "புது ஸ்பிரிங் போட்டுடலாமா?"

"பழைய வண்டி மச்சான்... லேசுல கெடைக்காது. சொல்லி வக்கிறேன்."

ஸ்பிரிங் வந்து மூன்று வாரமாகிறது. பட்டறையில் டயர்களுக்குப் பின்னால் பிரிக்காமல் கிடக்கிறது. அந்தோணி இதெல்லாம் படிக்கிற ஆள் இல்லை. செலின் படிப்பாள், அதனால் தயவுசெய்து யாரும் அவளுக்கு அனுப்பிவைக்காதீர்கள்.

நாளைக்கு ஞாயிறு. பூசை முடிந்ததும் வந்துவிடுவான்.