'ஆம்' போடணுமா, 'இல்லை' போடணுமா?

போன வருடம் கச்சான் காற்று பலமாக வீசி, எங்கள் தூத்துக்குடி கடற்கரையில் படகுகள் எல்லாம் கரையேறிக் கிடந்த சமயம். கணவர் கடலில் இறந்த பிறகு அவருடைய ஃபைபர் படகை ஆள் வைத்து நான்தான் நடத்தி வருகிறேன். உறுப்பினர் இறந்துபோனால் அவர் மனைவி தொடரலாம் என்று எங்கள் படகுச் சங்கத்தில் ஒரு விதி உண்டு. 'கடலுக்குப் போகிறவனுக்குத்தான் சங்கம்' என்று சிலர் கிளம்ப, அந்த விதியை எடுத்துவிட ஒரு திருத்தம் வந்தது. பொதுக்குழுவில் ஓட்டு.

அன்று காலை கொழுந்தன் வந்தார். "மைனி, பயப்படாதீய. நம்ம ஆளுக எல்லாத்துகிட்டயும் 'இல்லை'ன்னு போடச் சொல்லிட்டேன்" என்றார். வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

மண்டபத்தில் ஓட்டுச் சீட்டை வாங்கிப் படித்ததும் திக்கென்றது. 'மனைவிக்கு உறுப்பினர் உரிமை தரும் விதியை நீக்கும் திருத்தத்தை நிராகரிக்கலாமா? ஆம் / இல்லை.'

திரும்பத் திரும்பப் படித்தேன். திருத்தத்தை நிராகரித்தால்தான் எனக்கு இடம். அதற்கு 'ஆம்' என்றல்லவா போட வேண்டும்! எனக்காக வந்தவர்களே 'இல்லை' போட்டு என்னை வெளியே அனுப்பப் போகிறார்கள். சீட்டைக் காட்டினேன். கொழுந்தன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

ஒவ்வொருவரிடமாகப் போய்ச் சொல்ல நேரமில்லை. அந்தக் கூட்டங்களில் நான் வாய் திறந்ததே கிடையாது. எழுந்து நின்றேன். "அண்ணாச்சி, நான் சங்கத்துல இருக்கணும்னா 'ஆம்' போடணுமா, 'இல்லை' போடணுமா?"

"இல்லை" என்றார் தலைவர். அதே நொடியில், "ஆம்" என்றார் பக்கத்தில் இருந்த செயலாளர்.

மண்டபமே சிரித்தது. தலைவர் சீட்டை வாங்கி மறுபடி படித்துவிட்டு அவரும் சிரித்தார். "ஏலே, எழுதுன நமக்கே வெளங்கலயே! எல்லாச் சீட்டையும் திருப்பி வாங்குங்கலே."

திருத்தம் வேண்டும் என்று கேட்டவர்களில் ஒருவர் எழுந்தார். "இவுக தொடரக் கூடாதுன்னுதான் நான் போடுவேன். ஆனா என்னத்துக்குப் போடுதோம்னு எல்லாருக்கும் தெரியணும்லா" என்று என் பக்கம் பேசினார். அங்கேயே புதுச் சீட்டு எழுதினார்கள்: 'இறந்த உறுப்பினரின் மனைவி சங்கத்தில் தொடரலாமா, கூடாதா?'

'தொடரலாம்' பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தது. கொழுந்தன் நாற்காலி மேல் ஏறி நின்று கை தட்டினார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

இன்றைக்கும் எந்த ஓட்டு வந்தாலும், யார் என்ன சொல்லி அனுப்பினாலும், இதற்கு 'ஆம்' என்றால் என் வீட்டில் என்ன மாறும் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் போடுகிறேன். புரியவில்லை என்று நாலு பேர் முன்னால் சொன்ன அந்த நிமிடத்தில்தான் என் ஓட்டு எனக்குச் சொந்தமானது.